டிக்கியில் இருந்த பெயர்

நாளைக்கு ஜான் பாஷா வீட்டுக் கல்யாணம். மகள் பஷீராவுக்கு நிக்காஹ் முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் நாமக்கல் போக வேண்டும். போகிற வண்டி தோமினிக்கின் ஆஸ்டின் டாக்சி.

"எத்தனையோ பெரிய வண்டி கெடைக்கும்டா. எனக்கு அமிர்தசாமி அண்ணன் வண்டிதான் வேணும். எம் பொண்ணு மொத மொத பள்ளிக்கூடம் போனதே அதுலதான்" என்று ஜான் பாஷா வந்து நின்றார். செத்துப்போன அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரால் மறுக்க முடியும்? தோமினிக் தலையாட்டினான். ஆனால் நாமக்கல் என்ற சொல் விழுந்ததும் அவன் முகம் சுண்டியதையும், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் தாய் அன்னாளின் கை அப்படியே நின்றதையும் போன வாரம் பார்த்தோம்.

காரணம் அவர்கள் குடியிருக்கிற சூரமங்கலத்தில் அந்தத் தெருவுக்கே தெரியும். நாமக்கல் ரோட்டில் புதுச்சத்திரம் இருக்கிறது. அங்கே பஸ் நிற்கிற இடத்தில் சடையன் என்பவன் டீக்கடை நடத்துகிறான். அன்னாளின் மூத்த மகள் பிலோமினா, கல்யாணத்துக்கு மாதா கோயிலும் வேண்டாம் சாமியாரும் வேண்டாம் என்று அவனோடு போய் ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து வீட்டில் அவள் பேச்சே கிடையாது. தகப்பன் இறந்தபோதும் அவளுக்கு ஆள் அனுப்பிச் சொல்லவில்லை.

வீட்டில்தான் பேச்சில்லை. வண்டியில் பெயர் இருந்தது. டிக்கி மூடியில், நம்பர் பலகைக்கு மேலே, வெள்ளை எழுத்தில் 'பிலோமி'. வண்டி வாங்கிய அன்று மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அமிர்தசாமி தன் கையாலேயே எழுதியது. அவள் போன பிறகு அவர் அதை அழிக்கவில்லை. அவர் போன பிறகு அன்னாள் அழிக்க விடவில்லை.

தோமினிக்குக்கு அந்தப் பெயர் முதுகில் குத்திய முள். "ஓடிப்போனவ பேர ஊரெல்லாம் சொமந்துட்டுத் திரியறான்" என்று ஜங்ஷன் ஸ்டாண்டில் சிரிப்பார்கள். அவன் காதில் விழுகிற மாதிரியேதான் சிரிப்பார்கள். அதனாலேயே நாமக்கல் சவாரி என்றால் அவன் எடுப்பதில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, "பொண்ணு ஊட்டுக்காரங்க பாக்கறதுக்குள்ள அழிச்சிரலாம்மா" என்று கேட்டான். "மொதல்ல என்னைக் குழியில எறக்கு, அப்புறம் அழி" என்றாள் அன்னாள். அதோடு விட்டுவிட்டான்.

நேற்று ராத்திரி சோறு போடும்போது அன்னாள் மெதுவாகச் சொன்னாள்: "வண்டிய எப்படித் தொடச்சாலும் சரி சாமி. டிக்கிய மட்டும் நல்லாத் தொடச்சு வை."

அவ்வளவுதான் சொன்னாள். நாளைக்கு அந்தப் பெயர் புதுச்சத்திரம் வழியாகப் போகப் போகிறது, பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்?

சனிக்கிழமை காலையில் தோமினிக் வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு, டவுன் பஸ் ஏறி மோட்டார் சாமான் கடைக்குப் போனான். ஆஸ்டின் ஒரு காலத்தில் மயில் கழுத்து நீலம். இப்போது பல வருஷத்து வெயில் தின்று சாம்பல் பூத்துக் கிடந்தது. கையால் தடவினால் உள்ளங்கையில் மாவு ஒட்டும். அதில் மாப்பிள்ளையை ஏற்றினால் மானம் போய்விடும்.

"இந்தா, தண்ணி பாலிஷ். ஊத்தித் தேச்சாப் போதும், முகம் பாக்கலாம்" என்று கடைக்காரர் கண்ணுசாமி ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"அது ஒரு மழைக்குத் தாங்காதுங்க. போன வருஷமே வாங்கி ஏமாந்தேன்."

"வெவரமாத்தான் இருக்கறே. அப்படின்னா ரெண்டு வேலை செய்யணும். மொதல்ல காம்பவுண்டு. மேல செத்துப்போன பெயிண்ட அறுத்து எடுத்துரும், அடியில இருக்கற நெறம் வெளிய வரும். அப்புறம் மெழுகு. மெழுகு எதையும் எடுக்காது, எதையும் மறைக்காது. இருக்கறத இருக்கறபடி மினுக்கிக் காட்டும், அவ்வளவுதான். காம்பவுண்டு போடறப்ப ஓரத்துல மட்டும் அழுத்தாதே, தகரம் வந்துரும்."

தோமினிக் இரண்டு டப்பாவையும் கையில் எடுத்தான். காம்பவுண்டு டப்பாவைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டே நின்றான்.

"ஏனுங்க, எழுத்து எழுதின எடத்துல இது பட்டா?"

"எழுத்து எங்க நிக்கும்? போயிரும்."

நல்லவன்தான் தோமினிக். ஆனால் அந்த நிமிஷம் அவன் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டால் அம்மா என்ன செய்து விடுவாள்? இரண்டு நாள் அழுவாள். அப்புறம் சரியாகிவிடும். இரண்டு டப்பாவையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

இங்கே வீட்டுக்கு, அவன் பெண்டாட்டி இன்பமேரி கோயிலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

மோகனூரில் பிறந்த வீட்டில் இருக்கும்போதே அவளுக்குச் சனிக்கிழமை என்றால் கோயில் வேலைதான். பீடத்துப் பித்தளை விளக்குத் தண்டுகளை அவள் துலக்கினால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாருக்கும் கண் கூசும். இங்கே வந்தும் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்றைக்கும் துலக்கிவிட்டு, டப்பாவில் மிச்சமிருந்த பித்தளை பாலிஷை, கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டுத்தான், கையோடு எடுத்து வந்தாள்.

மாமியார் சந்தைக்குப் போயிருந்தாள். புருஷன் டவுனில். நிழலில் அந்த ஆஸ்டின் அழுது வடிந்துகொண்டு நின்றது.

'தண்டு மினுங்கற பாலிஷ்ல தகரம் மினுங்காதா?' என்று நினைத்தாள். வந்ததும் புருஷன் அசந்து போக வேண்டும். எதற்கும் முதலில் யார் கண்ணுக்கும் அதிகம் படாத இடத்தில் தேய்த்துப் பார்க்கலாம் என்று வண்டியின் பின்பக்கம் போனாள். அவளுக்குத் தோன்றிய அந்த ஜாக்கிரதை மட்டும் தோன்றாமல் இருந்திருக்கக் கூடாதா!

தேய்த்தாள். துணியில் நீலம் ஏறியது.

வேறு யாராக இருந்தாலும் பயந்து நிறுத்தியிருப்பார்கள். பித்தளை துலக்கிப் பழகிய கைக்கு அது பயமாகத் தெரியவில்லை. தண்டு துலக்கும்போது துணி கறுக்கக் கறுக்கத்தானே விளக்கு பளிச்சிடும்! அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். மங்கல் விலகி ஈரமான நீலம் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எழுத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றது. பிலோமி யார் என்று அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. மாமியார் தினமும் சாயங்காலம் முந்தானையால் அந்த மூன்று எழுத்தைத் துடைப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

'இதுவும் பளிச்சுனு இருக்கட்டும். அத்தை சந்தோசப்படுவாங்க' என்று எழுத்தின் மேல் பூப்போல ஒரு பூச்சுப் பூசினாள். பித்தளைக்குச் செய்கிற மாதிரியே காயவிட்டாள். வெள்ளையாகக் காய்ந்ததும் சுத்தமான துணியால் ஒரு இழுப்பு இழுத்தாள்.

எழுத்து துணியோடு வந்துவிட்டது.

இன்பமேரி முதலில் நம்பவில்லை. துணியைப் பார்த்தாள். டிக்கியைப் பார்த்தாள். வெள்ளைப் பொடி அப்பிய தகரத்தில் பெயரைக் காணோம். "மாதாவே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சந்தைக் கூடையோடு அன்னாள் வந்தபோது அவள் இன்னும் உட்கார்ந்தேதான் இருந்தாள்.

அன்னாள் கூடையை இறக்கவில்லை. டிக்கியைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

"தோமினி சொன்னானா?"

"இல்லீங்க அத்தை. சத்தியமா இல்லீங்க. பளபளன்னு இருக்கட்டும்னு நாந்தானுங்க..."

"அவன் சொல்லாம நீ ஏம்மா அதுல கை வெக்கறே? நாமக்கல் போற வண்டி. இன்னிக்குன்னு பாத்து!"

"எனக்கு எழுத்து போகும்னு தெரியாதுங்க அத்தை."

"அந்தத் துணியக் குடு."

இன்பமேரி கொடுத்தாள். நீலமும் வெள்ளையும் கலந்த அந்தக் கந்தைத் துணியை அன்னாள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். திட்டவில்லை, கத்தவில்லை. திட்டியிருந்தால் இன்பமேரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கட்டிக்கொண்டு வந்த வீட்டில் இனி எனக்கு என்ன மரியாதை என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை பொங்கியது.

தோமினிக் வந்தான். டிக்கியைப் பார்த்தான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவன் முகம் இளகியது. வாசலில் நின்ற அன்னாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"சிரிக்கறியாடா?"

"நான் எங்கம்மா சிரிச்சேன்?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? உம் மூஞ்சி தெளிஞ்சு போச்சு. பொண்டாட்டிய உட்டு அழிச்சுட்டு, நீ நல்லவனாட்டம் டவுனுக்குப் போயிட்டியாக்கும்!"

"எனக்குத் தெரியாதும்மா! அவகிட்டக் கேளு!" என்று அவன் கத்தினான். கத்தும்போதே குரல் உள்ளே போனது. அவன் செய்யவில்லைதான். ஆனால் செய்ய நினைத்து வந்த காரியம் கையிலிருந்த பையில் கனத்தது.

மத்தியானம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை மட்டும் நடந்தது. நாளைக்குக் கல்யாணம், வண்டி காத்திருக்காது. தோமினிக் ஈரத் துணியில் காம்பவுண்டு எடுத்து, பானட்டில் ஒரு முழ அகலம் தேய்த்து, கழுவி, அடுத்த முழத்துக்கு நகர்ந்தான். பானட், மட்கார்டு, கதவுகள் என்று மயில் கழுத்து நீலம் திரும்பி வந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இன்பமேரி துணி அலசி அலசிக் கொடுத்தாள்.

ஜான் பாஷா வண்டியைப் பார்க்க வந்தார். "மாஷா அல்லாஹ்! மாப்பிள்ளைய விட வண்டி ஜோரா இருக்கேடா" என்று சுற்றி வந்தவர் பின்பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்தினார். குழாயடியில் இருந்த இன்பமேரியிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"பேரு எங்கம்மா?"

"என் கையாலதானுங்க மாமா போச்சு. தெரியாமப் பண்ணிட்டேன்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "உங்க அத்தைகிட்டச் சொல்லாதே. நேத்து நாமக்கல் போயிட்டு வர்றப்ப புதுச்சத்திரத்துல எறங்கினேன். பிலோமிக்கும் ஒரு பத்திரிகை வெக்கலாம்னு. கடை பூட்டிக் கெடக்கு. ரெண்டு நாளா ஆளக் காணோம்ங்கறாங்க. எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல."

"ஐயோ..."

"நான் விசாரிக்கறேன். நீ வாயத் தொறக்காதே, என்ன?" என்று சொல்லிவிட்டு அவர் போனார். இன்பமேரிக்கு ஈரத் துணி கையில் இன்னும் குளிர்ந்தது.

வெயில் சாய்ந்தபோது வண்டியில் டிக்கி மட்டும்தான் பாக்கி. தோமினிக் முதுகை நிமிர்த்தி, "மேரி, அந்தப் பொடியக் கழுவி உடு. இதையும் தேச்சுட்டு மொத்தத்துக்கும் மெழுகு போட்டுரலாம்" என்றான்.

இன்பமேரி சொம்புத் தண்ணீரை டிக்கியில் ஊற்றினாள். காய்ந்த வெள்ளைப் பொடி கரைந்து ஓடியது. உள்ளங்கையால் துடைத்தாள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது.

அவள் கை நின்றது. குனிந்து பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

பாலிஷ் பட்டும் இன்னும் சாம்பல் கலந்திருந்த நீலத்தில், அதைவிடக் கருநீலமாக மூன்று எழுத்து இருந்தது. பி. லோ. மி. வெள்ளைப் பூச்சு அத்தனை வருஷமும் மூடிக்கொண்டு நின்ற இடத்தில் வெயில் படவே இல்லை. சுற்றிலும் நிறம் வெளுத்துப் போக, எழுத்துக்கு அடியில் மட்டும் வண்டி வாங்கிய அன்றைக்கு இருந்த நீலம் அப்படியே இருந்தது.

தோமினிக் காம்பவுண்டு துணியோடு வந்தான். அவன் இன்னும் பார்க்கவில்லை. அவள் பேசாமல் நகர்ந்துவிட்டால் போதும், இருபது இழுப்பில் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். புருஷனுக்குத் தலைக்குனிவு தீரும். வண்டியும் புதுசாகும். புதுச்சத்திரம் போனாலும் அதைப் பார்க்க ஆள் இருக்கிறதோ இல்லையோ. இதெல்லாம் இன்பமேரிக்கும் தோன்றாமல் இல்லை.

அவள் டிக்கியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"இங்க அந்தக் காம்பவுண்டு போடக் கூடாதுங்க."

"என்ன மேரி வெளையாட்டு? தள்ளு. பொழுது போகுது."

"மாட்டேனுங்க."

"வண்டி பூரா புதுசு, டிக்கி மட்டும் பழசா? மாப்பிள்ளை ஏறுற வண்டிடி! கல்யாணத்துக்கு வந்தவன் பூரா சிரிப்பான்."

"சிரிக்கட்டுங்க. ஒருக்காத் தெரியாம அழிச்சேன். தெரிஞ்சே அழிக்க என்னால ஆகாதுங்க" என்றவள், அவன் பதில் சொல்வதற்குள் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அத்தை! ஏனுங்க அத்தை! இங்க ஓடி வாங்க! பேரு இருக்குதுங்க!"

அன்னாள் வந்தாள். இன்பமேரி விலகினாள்.

அன்னாள் கிட்டே போய்க் குனிந்தாள். ஒற்றை விரலை எழுத்தின் மேல் வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் மெதுவாக நகர்த்தினாள். அப்புறம் டிக்கியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆறு வருஷமாக அழாத அழுகை. அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன.

"அம்மா, தெருவுல... எந்திரிம்மா."

"பாக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும். எம் பொண்ணு பேருடா இது."

தோமினிக் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அன்னாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"உங்கப்பன் வண்டிக்குப் பின்னாடி ஏன் எழுதினாருன்னு தெரியுமா? அன்னிக்கு வெளையாட்டா எழுதினாரு. அவ போனதுக்கப்புறம் எழுத்து மங்கிப் போச்சுன்னு உக்காந்து திரும்ப எழுதினாரு. நான் சண்ட போட்டேன். அதுக்கு, 'வண்டி தாண்டிப் போனதுக்கப்புறமும் படிக்கலாம் அன்னாளு, பின்னாடிதான் இருக்கோணும்'னாரு. யாரும் கூப்பிடாமயே நாமக்கல் சவாரி தேடித் தேடிப் போவாரு. புதுச்சத்திரம் வந்தா வண்டி ஊர்ந்துதான் போகும். வண்டி ரிப்பேரான்னு ஏறினவங்க கேப்பாங்களாம். ஆமான்னு சொல்லுவாராம்."

தோமினிக்குக்கு இது தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா கடைசி வரைக்கும் நாமக்கல் ரோட்டில் வண்டியை ஓட்டித் தேய்த்தார், இடுப்புவலியோடு வீட்டுக்கு வந்தார் என்பதுதான்.

"அக்கா பாத்துச்சாம்மா?"

"யாரு கண்டா? ஓட்டறவரு முன்னாடி பாத்துட்டுத்தான ஓட்டோணும்? பேரு பின்னாடி இல்ல இருக்குது."

தோமினிக் காம்பவுண்டு டப்பாவை மூடித் தூக்கி ஓரமாக வைத்தான். மெழுகு டப்பாவைத் திறந்தான். புதுத் துணியில் கொஞ்சமாக எடுத்து, டிக்கியில் சின்னச் சின்ன வட்டமாகப் பூசினான். எழுத்து வந்த இடத்தில் துணியைக் கீழே போட்டுவிட்டு விரலாலேயே பூசினான். மெழுகு வெள்ளையாகப் படர்ந்து, கொஞ்ச நேரத்தில் பெயரை மூடியது.

"ஐயோ, மறுபடி போயிருச்சா?" என்று அன்னாள் பதறினாள்.

"போகலம்மா. காயணும். மெழுகு எதையும் எடுக்காது."

காய்ந்ததும் மிருதுவான ஃபிளானல் துணியால் துடைத்தான். வெள்ளை விலகியது. அக்காவின் பெயர் ஈரம் காயாத மாதிரி கருநீலமாக மின்னியது. வெள்ளைச் சாயத்தில் எழுதியதைவிட இப்போது நன்றாகத் தெரிந்தது. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"மேரி" என்று அன்னாள் கூப்பிட்டாள். கிட்டே வந்தவளின் நீலம் படிந்த கையைப் பிடித்துத் தன் முந்தானையால் துடைத்தாள். "உன்னை என்னென்னமோ நெனச்சுட்டேன் சாமி. நாளைக்கு நீ முன்சீட்டுல ஏறிக்க. புதுச்சத்திரம் தாண்டறப்ப நீ திரும்பிப் பாத்து வந்து எனக்குச் சொல்லு. கடையில அவ நிக்கறாளா, வண்டியப் பாக்கறாளான்னு."

பூட்டிக் கிடக்கிற கடை இன்பமேரியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். கிழவியின் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"பாக்கறேனுங்க அத்தை" என்றாள்.

தோமினிக் திரும்பாமலேயே, டிக்கியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "ஏம்மா, அங்க வந்தா அப்பா எந்தக் கியர்ல போவாரு?"

"எனக்கென்னடா தெரியும் கியரு? நடந்து போறவன் தாண்டிப் போயிருவானாம், அப்படிப் போவாருன்னு சொல்லுவாங்க."

"அப்படின்னா ரெண்டாவது" என்றான் தோமினிக். "நானும் ரெண்டாவதுலயே போறேன்."

இன்பமேரி குழாயடிக்குப் போய், ஏற்கெனவே அலசி வைத்த துணியை எடுத்து மறுபடியும் அலசத் தொடங்கினாள்.